டெக்குக்கு கிரீஸ் வைத்த மழைக்காலம்

போன மாதம் ஊருக்குப் போனபோது பரணிலிருந்து டெக்கை இறக்கினேன். விசிஆர் என்றால்தான் சிலருக்குப் புரியும். எங்கள் மரக்காணம் பக்கத்தில் எல்லோருக்கும் அது டெக். அப்பாவுக்கு மட்டும் "அந்த மெஷின்". அத்தையின் கல்யாணக் கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தருவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. அதைவிட இது சுலபம் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

மூடியைக் கழற்றியதும் கை வைக்காமல் முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் குறித்துக்கொண்டேன். காய்ந்துபோன பல்லி. குளவிக் கூடு. சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம். மூலைமுடுக்கெல்லாம் கறுத்து இறுகிய கிரீஸ். பல்லியும் குளவியும் தாமாக வந்தவை. மற்ற இரண்டும் எப்படி உள்ளே போயின என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கேசட்டும் சிடியும் ஒரே அலமாரியில் இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் நீங்களும் என்றால், உங்களிடம் இதைச் சொல்லலாம். நம்மைவிடச் சின்னவர்களிடம் ரிவைண்ட் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

நான் நாலாவது படித்த வருஷத்து மழைக்காலம் அது. அதற்கு முன்னால், அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்ளாமல் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு விளைவித்தவர். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பெருமுக்கல்லில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். அப்பாவின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தபோது நான் கைக்குழந்தை. எங்கள் பக்கத்தில் முறைக்காரர்களை ஒவ்வொருவராக மைக்கில் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, சந்தனம் பூசித் துண்டு போடுவார்கள். சாம்பார் தீர்ந்து போனால் மன்னித்துவிடுவார்கள். துண்டு விட்டுப்போனால் மன்னிப்பு கிடையாது. தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லி மாமா அன்று சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். தானே மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டதாக அப்பா சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக் சரியில்லாததால் அவருக்குக் கேட்காமல் போயிருக்கும் என்று ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கல்யாணத்துக்கு மைக் செட் போட்டவரே மாமாதான்.

துண்டுக்காக வந்த கோபம் ஒரு பொங்கலுக்குள் ஆறியிருக்கும். மைக்கைச் சொன்னது ஆறவில்லை. எக்கியார்குப்பத்துக் கரையில் கட்டினால் கடலுக்குள் வலை வீசுகிறவனுக்குப் பாட்டு கேட்கிற செட் அது என்று மாமா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவரிடம்தான் பேசுவதில்லையே.

இந்தச் சண்டையில் மாட்டிக்கொண்டது என் தம்பியின் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமா வரமாட்டேன் என்றார். அவர் இல்லாமல் குத்த அம்மா சம்மதிக்கவில்லை. தம்பி வளர்ந்துகொண்டே போனான். ஆசாரி ஊசியை எடுத்தால் எழுந்து ஓடுகிற அளவுக்குக் காலில் பலம் வந்துவிட்டது. அந்த வருஷம் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்: வருகிற தையில் காது குத்த வேண்டும், அதுவும் என் அண்ணன் மடியில்தான்.

டெக் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அந்த வருஷம்தான். துபாயிலிருந்த அத்தை வீட்டுக்காரர் சிடி பிளேயர் வாங்கியதும் டெக்கை எங்களிடம் தள்ளிவிட்டார். கூடவே கல்யாணக் கேசட்டும் ஒரு தடித்த விளக்கப் புத்தகமும் வந்தன. அந்தப் புத்தகத்தை யாரும் படித்ததாக நினைவில்லை. மதியத்தில் கரண்ட் போனால் அம்மா அதை விசிறியாக வைத்துக்கொள்வாள்.

அப்பாவைப் பொறுத்தவரை வந்தது கேசட் அல்ல, சாட்சி. "வந்து பார்க்கச் சொல்லு, நான் கூப்பிட்டேனா இல்லையான்னு" என்று பெருமுக்கல்லுக்குச் சொல்லி அனுப்பினார். ஆனால் அவர் ஒருநாளும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு, கூப்பிட்டவன் எதற்குப் பார்க்க வேண்டும், கூப்பிடவில்லை என்கிறவர்தான் பார்க்க வேண்டும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. உப்பு விளைகிற காலம் முழுக்க அவர் விடிவதற்கு முன் போய் இருட்டித்தான் வருவார். படம் பார்க்க நேரமும் இல்லை. மாமாவும் மழை வரட்டும், பார்க்கலாம் என்று பதில் அனுப்பினார்.

மழை வந்தது. பாத்திகள் நிறைந்து ஒரே தண்ணீராகக் கிடந்தன. அப்பா வழக்கம்போலத் தண்ணீர் இறைக்கிற எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றினார். எங்கள் காற்றில் சும்மா விட்ட இரும்பு அடுத்த மழையைப் பார்க்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பூட்டு எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் ஒரே வைத்தியம்தான். எஞ்சின் முடிந்த பிறகும் டப்பாவில் கிரீஸ் மீதி இருந்தது. வீட்டில் சுற்றுகிற சாமான் இன்னொன்று இருப்பது அவர் ஞாபகத்துக்கு வந்தது.

டெக்கின் நடுவே பளபளவென்று சாய்ந்து நிற்கும் உருளையைப் பார்த்திருப்பீர்கள். டேப்பிலிருந்து படத்தை எடுக்கிற தலை அதில்தான் இருக்கிறது. அதில் விரல்கூடப் படக்கூடாது. இருப்பதிலேயே வேகமாகச் சுற்றுவது அதுதான் என்பதால், அப்பா அதற்குத்தான் தாராளமாக வைத்தார். பிறகு டெக்கைச் சாக்கில் சுற்றி எஞ்சின் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

காது குத்தலுக்கு நாள் பார்க்கும் பேச்சு வந்ததும், கேசட்டைப் போட்டுக் காட்டினால் வருகிறேன் என்று மாமா சொல்லி அனுப்பினார். அப்பா சாக்கைப் பிரித்து, ஒத்திகையாக ஒரு சாமி படக் கேசட்டைப் போட்டார். டெக் அதைப் பாதி விழுங்கியது. மீதியை உள்ளிருந்து குடலை உருவுவதுபோல அப்பா உருவினார். செய்தி பெருமுக்கல்லுக்குப் போனது. படம் வராது என்று தனக்கு முன்பே தெரியும் என்று மாமா சிரித்தாராம். வேறு வீட்டு டெக்கில் பார்க்கலாம் என்றால், கேசட் வெளியே போனால் மாற்றிவிடுவார்கள் என்று அப்பா விடவில்லை. வெளி மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால், அவனைப் பேசி வைத்துவிடுவார்கள் என்று மாமா விடவில்லை. கடைசியில் மாமாவே டூல்ஸ் பையோடு டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார்.

என் தகப்பன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அவருக்கு ஒரு சபதம் இருந்தது. ஆனால் சமையலறை தன் தங்கையுடையது, மற்ற இடம்தான் என் அப்பாவுடையது என்று அவரே ஒரு எல்லை போட்டுக்கொண்டார். ஆகவே நடுவீட்டில் உட்கார்ந்து டெக்கைப் பிரிப்பார். பசித்தால் சமையலறைக்குள் போய் வாசற்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நண்டுக் குழம்பும் சோறும் சாப்பிடுவார். இந்த ஏற்பாடு வந்த முதல் நாளே அமலுக்கு வந்துவிட்டது.

மூடியைத் திறந்ததும் மாமா மூலையிலிருந்த கிரீஸை விரலில் எடுத்து மோந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்கப்பாவக் கேளு. இதுக்கு டீசல் எவ்ளோ ஊத்தணும்னு."

அப்பா கையெட்டும் தூரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "பாப்பா, உங்க மாமாகிட்ட சொல்லு. கிரீஸ் வைக்காத சாமான் இந்த ஊர்ல நிக்காதுன்னு. அவரு மைக்குக்கும் வச்சிருந்தா அன்னிக்கு நல்லா கேட்டிருக்கும்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது. இருந்தாலும் நான் திரும்பி நின்று முழுவதையும் ஒப்பித்து முடிக்கிறவரை அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது. முதலில் வரி மாறாமல் சொன்னேன். பிறகு சூடான வார்த்தைகளை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "அவ்ளோதான் சொன்னாரா?" என்று சந்தேகமாகக் கேட்டார்கள். மறுபடியும் வரி மாறாமல் சொல்ல ஆரம்பித்தேன்.

கிரீஸை எடுக்க ஸ்பிரிட் வேண்டும் என்றார் மாமா. அம்மா கம்பவுண்டரிடம் கேட்டு ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மாமா துடைத்துக்கொண்டே இருந்தார். தன் வேட்டி துண்டு துண்டாகக் கறுப்பதை அப்பா பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாக உருளை பளிச்சென்று ஆனது. அதற்கப்புறம் டெக் கேசட்டை உள்ளே இழுக்க மறுத்தது. இழுக்கிற பெல்ட் தொளதொளத்துவிட்டது என்றார் மாமா. திண்டிவனத்தில் தேடினார், பாண்டிச்சேரியில் ஆள் விட்டுத் தேடினார், கிடைக்கவில்லை. சைக்கிள் டியூபை மெல்லிசாக வெட்டி மாட்டினால் என்ன என்று அப்பா என் மூலமாகக் கேட்டார். இது என்ன பஞ்சர் கடையா என்று மாமா என் மூலமாகவே பதில் சொன்னார்.

மறுநாள் காலை கேசட் சரசரவென்று உள்ளே போனது. பெல்ட் எங்கே கிடைத்தது என்று மாமாவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மதியம் கொல்லையில் தொங்கிய பழைய டியூபைக் கையில் எடுத்து அதன் வெட்டுப்பட்ட நுனியை அப்பா தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் பேப்பர் படிக்கவில்லை, விசில் அடித்தார்.

அதற்கும் மேல் ஒரு தடை வந்தது. உள்ளே ஈரம் இருந்தால் டெக் தானாகவே ஓடாமல் நின்றுவிடும்; முகப்பில் ஒரு சின்ன விளக்கு எரியும். கடலோரத்தில் மழைக்காலம் வேறு. விளக்கு அணையவே இல்லை. மாமா டெக்கின்மேல் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே குண்டு பல்பைத் தொங்கவிட்டார். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுவதுபோல இருந்தது. "எப்ப பொரிக்கும்னு கேளு பாப்பா" என்றார் அப்பா. அதை ஒப்பிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

டெக் தயாரானது. இப்போது அம்மா இழுத்தாள். முதலில் வேறு கேசட்டைப் போட்டு நன்றாகப் பார்க்கச் சொன்னாள். கல்யாணக் கேசட்டையும் விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்றாள். சரி என்று பார்த்தார்கள். மறுநாள் அமாவாசை என்றாள். அதற்கடுத்த நாள் பீரோ சாவியைக் காணோம். வீட்டைக் கவிழ்த்துத் தேடி, கடைசியில் உப்பு ஜாடிக்குள் சாவியைக் கண்டுபிடித்தவன் தம்பி. சாவி எப்படி உப்பு ஜாடிக்குப் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. காணாமல் போன சாமான் கிடைத்தால் அப்படியெல்லாம் யோசிக்கத் தோன்றாது.

பீரோவிலிருந்து கேசட்டை எடுத்து மாமாவிடம் கொடுத்தது நான். அதன் முதுகு ஓரத்தில் சின்னதாக வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. உப்பளத்தில் நிற்பவர்களுக்குக் காலில் வெடிப்பு வந்தால் ஒட்டுகிற அதே பிளாஸ்திரி. அப்பாவுக்காக வீட்டில் எப்போதும் ஒரு சுருள் இருக்கும். கேசட்டுக்கும் எங்கோ வெடித்திருக்கிறது என்று நினைத்தேன். மாமா கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கி முழுவதையும் குடித்தார். பிறகு கேசட்டை டெக்குக்குள் தள்ளினார்.

அப்போது சாயங்காலம். தெருவில் பாதிப் பேர் எங்கள் நடுவீட்டில் இருந்தார்கள். தீர்ப்பு கேட்க வந்தவர்கள் அவர்கள். படம் வந்தது. எல்லோர் முகமும் கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் படம் படம்தான். பந்தல் தெரிந்தது, மேடை தெரிந்தது. யாரோ மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்றது கணீரென்று கேட்டது. மாமா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்பா காதைச் சொறிந்துகொண்டார். முறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், துண்டு விழுந்தது, போனார்கள். திரையில் இளைத்த அப்பா ஒருவர் வந்து மைக்கைக் கையில் வாங்கினார். திரையில் அப்பா வாயைத் திறந்தார்.

குறுக்கே கோடுகள் ஓடின. பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள், எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு போடச் சொன்னாள்.

அது வெஜிடபிள் குருமா. மதிய நேரத்து டிவி சமையல் நிகழ்ச்சி, கல்யாணத்தின்மேல் பதிவாகியிருந்தது. கேசட்டை வேகமாக ஓட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். ஓட்டினால் நடுவில் எதையோ மறைத்துவிட்டதாகப் பேச்சு வரும் என்று அப்பாவும் மாமாவும் தனித்தனியாக என்னிடம் சொல்லி மறுத்தார்கள். ஆகவே எல்லோரும் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவதைப் பார்த்தோம், தேங்காய் அரைப்பதைப் பார்த்தோம், கொத்தமல்லி தூவுவதைப் பார்த்தோம். பக்கத்து வீட்டு அக்கா, கசகசா எவ்வளவு சொன்னாள் என்று நடுவில் கேட்டாள். அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, தனக்கு அந்த மெஷினைப் பற்றி என்ன தெரியும், சிவப்புப் பட்டனில் கை பட்டுவிட்டதுபோல என்றாள். பெண்பிள்ளைக்கு மெஷின் தெரியாது என்பதை அங்கிருந்த அத்தனை ஆண்களும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

குருமா முடிந்து கல்யாணம் திரும்பி வந்தபோது மேடை காலியாக இருந்தது. படம் பந்திக்குப் போனது. வரிசையாக இலைகள். மூன்றாவது இலையில், தோளில் துண்டோடு, மாமா.

அப்பா எழுந்தே விட்டார். "சாப்புடாம போனேன்னு சொன்னீங்களே மச்சான். இது யாரு?"

பழக்கதோஷத்தில் நான் மாமா பக்கம் திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைத் தாண்டிப் பேசிவிட்டார்.

"பாயசம் மட்டுந்தான் மாப்ள."

"வடை தெரியுதே எலையில."

"வச்சாங்க. தின்னேனான்னு பாரு."

"சரி, தோள்ல கெடக்கறது யாரு போட்ட துண்டு?"

"என்னுது. நான் எந்நாளு துண்டு இல்லாம வந்திருக்கேன்?"

"அன்னிக்கு நாங்க போட்டதெல்லாம் பச்சைக் கரை. நல்லா பாருங்க, பச்சை."

"உன் மூஞ்சியே பச்சையாத்தான் இருக்குது இதுல."

கூட்டம் சிரித்தது. ரிவைண்ட் செய்து மறுபடி பார்த்தார்கள். துண்டின் கரையைப் பார்க்க இருவரும் டிவிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள். கரண்ட் போனது. பேச்சு நிற்கவில்லை. அம்மா சிம்னி விளக்கை ஏற்றிச் சமையலறையில் இரண்டு தட்டு வைத்தாள். அப்பாவும் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, வடையைப் பற்றி ஆரம்பித்தார். அன்றோடு என் வேலை போய்விட்டது. தட்டில் எனக்கு வந்த மீன்தலையை யாரும் கவனிக்காமல் தின்றேன்.

தையில் காது குத்தினார்கள். மைக் செட் மாமாவுடையது. அப்பா மைக்கைப் பிடித்து மாமாவின் பேரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். மாமா அவருக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் நகரவில்லை. அப்பா இன்னொருமுறை, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, கூப்பிட்ட பிறகுதான் துண்டுக்குத் தலையைக் குனிந்தார். தம்பி அவர் மடியில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்ததும் அவர் கையைக் கடித்தான். ரத்தம் வந்தது காதிலா கையிலா என்று இன்றும் பேசுவார்கள்.

இனி போன மாதம். அந்தக் கேசட்டைக் கையில் எடுத்ததும்தான் எனக்கு உறைத்தது. கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. சிவப்புப் பட்டனை எத்தனைமுறை அமுக்கினாலும் டெக் ஏற்காது. கல்யாண வீடியோக்காரர்கள் அதை உடைத்துத்தான் கொடுப்பார்கள். பதிய வேண்டுமென்றால் ஒரே வழி, பல் இருந்த பள்ளத்தின்மேல் எதையாவது ஒட்ட வேண்டும். விளக்கப் புத்தகத்தில் அதற்குப் படமே போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. விசிறிக்கு யாரும் பக்கம் மடித்து வைக்கமாட்டார்கள்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிளாஸ்திரியைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"மாமாவுக்கும் தெரியும்" என்றாள். "ஆடியோ கேசட்டுலயும் அதே பல்லுதானே. கையில வாங்கினதும் பாத்துட்டான். என்னையும் பாத்தான். ஒண்ணும் சொல்லல, போட்டான்."

"அப்பா கூப்ட்டாரா இல்லியாம்மா? நீ பாத்திருப்பியே."

அடுத்த கீரைக் கட்டை எடுத்து அவிழ்த்தாள். "கூப்ட்டா என்ன, கூப்டலைன்னா என்ன. காது குத்த வந்தான்ல." கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணமாகக் கேட்பதுபோல, "நீ மெஷின் படிச்சவளாச்சே. அடியில இருக்கறத இப்ப எடுக்க முடியுமா?" என்றாள்.

முடியாது என்றேன். மேலே பதிந்தால் கீழே இருந்தது அழிந்துபோகும். எந்த மெஷினாலும் எடுக்க முடியாது. அம்மா தலையை ஆட்டினாள். ஆய்ந்த கீரையை முறத்தில் ஒருமுறை தட்டிப் போட்டாள்.

டெக்கை இரண்டு நாளில் ஓட வைத்துவிட்டேன். புதுப் பெல்ட் கொண்டுபோயிருந்தும் டியூப் வளையத்தையே துடைத்து மாட்டினேன், இழுத்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை மாமாவை வரச்சொல்லியிருந்தார், பெரிய டிவியில் துண்டின் கரை தெளிவாகத் தெரியும் என்று. லேப்டாப்பில் படத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போது குருமா வந்தது. இந்த இடத்தை மட்டும் வெட்டிவிடவா, கல்யாணம் தொடர்ச்சியாக இருக்கும் என்று அம்மாவைக் கேட்டேன்.

பின்னால் வந்து நின்று, கொத்தமல்லி தூவுகிறவரை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் குருமாவை அவள் ஒருநாளும் எங்களுக்குச் செய்து கொடுத்ததில்லை.

"வெட்டாத" என்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."